உறவுக் கட்டத்தில் நாலெழுத்து

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எந்த விதியைச் சொன்னாலும் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அரசாங்க வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருடமாகியும் அது போகவில்லை. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் நான் கிராணி, குமாஸ்தா வேலை. சாலையோரக் கடைகளின் லைசென்ஸ் புதுப்பிக்கும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். ஆண்டுக்கொரு முறை நன்னடத்தை விதிகளைப் பற்றி எங்களுக்குக் கூட்டம் நடத்துவார்கள். மற்றவர்கள் மேசைக்கடியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க, நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டிருப்பேன்.

மனுதாரர் கொடுக்கும் பலாப்பழம் பரிசா என்று கேட்டேன். பரிசுதான் என்றார் அதிகாரி. நாலு சுளை மட்டும் கொடுத்தால்? வேலை முடிந்து வீட்டில் கேக் செய்து விற்கலாமா? அனுமதி வாங்க வேண்டும். விற்காமல் தெருவுக்கே சும்மா கொடுத்தால்? அதிகாரி இளைஞர், மலாய்க்காரர், பொறுமைசாலி. கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள், புவான்." புவான் என்றால் மலாயில் அம்மணி.

தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் மாமா ஒரு டப்பா முறுக்கோடு அலுவலகத்துக்கு வந்தார். சுங்கை புரோங் போகும் சாலையில் அவருக்கு வடைக் கடை. நெல் ஏற்றும் லோரிக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். அந்த அடுப்பு எரிந்தால்தான் அவர் வீட்டு அடுப்பும் எரியும். டிசம்பரில் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கும் மனு என் மேசையில் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. பரிசு அறிவிக்கும் படிவத்தை எடுத்து எழுதினேன். பொருள்: முறுக்கு. கொடுத்தவர் பெயர். அடுத்த கட்டம், உறவுமுறை. யோசிக்கவே இல்லை, ரோமன் எழுத்தில் 'மாமா' என்று நாலெழுத்தைப் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன். முறுக்கை மேசை மேசையாகக் கொடுத்துக் காலி செய்தோம்.

மறுநாள் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"புவான், முறுக்குக் கொடுத்தது உங்கள் அம்மாவா?"

"இல்லையே."

"படிவத்தில் அம்மா என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் பெயர் ஆண் பெயராக இருக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலாயில் 'மாமா' என்றால் அம்மா. நாள் முழுக்க மலாயில் எழுதுகிற எனக்கு அது அந்த நிமிடம் எப்படி மறந்ததோ! பிரிவு முழுக்கச் சிரித்தது. ஒரு வாரம் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "மீசை வைத்த உன் அம்மா நலமா?" என்று கேட்டார்கள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் தம்பியா என்று கேட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எங்களுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே என்று அம்மா கலங்க, அவர் வந்து மடி கொடுத்தார். அன்றிலிருந்து அவர் மாமா. வயதுக்கு வந்தபோது சீர் கொண்டுவந்ததும் அவர்தான். நான் வாயைப் பிளந்து அழ, அவர் சட்டையில்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

"அப்படியென்றால் உறவில்லை," என்று அதிகாரி நிம்மதியடைந்தார். "உறவு என்றால் ஒன்பது வருடமாக நீங்கள் பார்த்த அவருடைய கோப்பை மறுபடி பரிசீலிக்க வேண்டிவரும். லைசென்ஸ் அதுவரை நிற்கும். உறவில்லை என்று ஒரு கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், முடிந்தது."

சுலபம்தான். ஆனால் என் பழக்கம் சும்மா இருக்கவிட்டதா? ஒன்பது வருடக் கோப்பையும் எடுத்துப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. உணவு விற்பவர்கள் கட்டாயம் போட வேண்டிய டைபாய்டு ஊசி, முந்தின ஆண்டு மாமாவுக்குக் காலாவதியாகியிருந்தது. நான் போன் போட்டுச் சொல்ல, அவர் மறுநாளே போட்டுக்கொண்டார். அதே வாரம் மீ கோரேங் நூடுல்ஸ் விற்கும் ஓர் அம்மாவுக்கும் அதே குறை. அவருக்கு வழக்கம்போல் தபாலில் கடிதம் அனுப்பினேன். அவருடைய லைசென்ஸ் பத்து நாள் தாமதமானது. அந்த அம்மாவுக்கும் போன் போட்டிருக்கலாம் என்பது இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக் கூடாது என்ற விதியை எழுதியவருக்கு என்னை எங்கோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மாமாவின் கடை மூடக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அவரை வரச் சொன்னேன். அதிகாரியின் அறையில் உட்கார்ந்து காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மலாய் எழுத்து நமக்கு மெதுவாத்தான் வரும் பாப்பா. என்னா போட்டிருக்கு, படி."

தமிழில் படித்துக் காட்டினேன். "இவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை." மலாயில் எழுதும்போது வெறும் வரியாக இருந்தது, சொந்த வாயால் சொன்னபோது எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

மாமா காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "சரி லா, காயிதந்தானே. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது." மூடியை மெதுவாக மாட்டினார். "அப்ப காது குத்துனது?"

"அதுக்கு அவங்ககிட்ட ஃபாரம் இல்ல, மாமா."

அதிகாரிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'மாமா'. அவர் தலை நிமிர்ந்தது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"புவான், உறவா, இல்லையா?"

"உறவு," என்றேன். போன் போட்ட கதையையும் சொல்லிவிட்டேன்.

கடிதம் கிழிந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாமாவின் கோப்பு நான்காம் முகப்பிடத்தில், அதாவது கவுண்டரில், இருக்கும் பெண்ணிடம் போனது. பரிசீலித்து முடிக்க ஜனவரியாகிவிட்டது. புத்தாண்டின் முதல் பன்னிரண்டு நாள் கடை மூடிக் கிடந்தது, என்னால். அந்தச் சாலையில் போகவே எனக்கு மனம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் நம்பர் சீட்டோடு அவர் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்காம் முகப்பிடத்தில் லைசென்ஸை வாங்கியவர், கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"பாப்பா! இனிமே உங்கிட்ட நான் வரக் கூடாதாம்ல?"

"ஆமா மாமா. சொந்தக்காரங்க மனுவ நான் தொடக் கூடாது."

"இந்தப் பொண்ணு சொன்னுச்சு. நான் உனக்கு மாமான்னு கெவர்மெண்டு காயிதத்துலயே இருக்காமே?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் கூட்டத்தைத் தாண்டி வந்து என் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஒரு காப்பி கெடைக்குமா?"

அதற்கு விதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.