ஆமைக் குளத்து மண்

பினாங்குத் தீவில், ஓர் ஆமைக் குளத்தின் கரையில், இன்னொரு குடும்பத்தின் சாமியை நான் தரையில் வைத்தேன். அது கவிழ்ந்து கொட்டிப்போயிற்று. அந்தக் கரையின் மண்ணையே அள்ளிக் கலயத்தை நிரப்பி, ஒன்றும் நடக்காததுபோல் திருப்பிக் கொடுத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சாமி என்றா சொன்னேன்? மண் என்றும் சொல்லலாம். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை...

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தூரதேசம் போய்க் குடியேறுகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அதைப் புதைத்து மேலே ஒரு கல் நட்டால் சாமி அங்கேயும் வந்துவிடும். பிடிமண் என்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வழியில் எங்கும் அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்த இடத்திலேயே சாமி இறங்கிவிடும். அதன்பிறகு கையில் இருப்பது வெறும் மண்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளாங்குடிக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மதுரையில் மாவாட்டினேன், தூத்துக்குடியில் மூட்டை தூக்கினேன், வேலை இல்லாத நாட்களில் பட்டினி கிடந்தேன். ஒரே ஊரில் இரண்டு மழைக்காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. ஜப்பான்காரன் சண்டைக்குச் சில வருடங்களுக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அவ்வளவுதான் காரணம்.

கப்பல் தளத்தில் எங்கள் ஊர்ப் பேச்சுக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பழக்கமானவர்தான் சுந்தரம் அண்ணன். ஜோகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர். மனைவி சிட்டம்மாளையும் மகளையும் முதல்முறையாக அங்கே கூட்டிப் போகிறார். மகள் பெயர் பிச்சை. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவளைப் பிறந்ததும் குப்பையில் போட்டெடுத்து, தவிட்டுக்கு வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்து, எமன் கண்ணில் படாமல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடல் தாண்டியும் அந்தப் பிள்ளை தங்க வேண்டும். அதற்காகத்தான் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் உத்தரவு கேட்டு எடுத்த மண், ஒரு சின்னக் கலயத்தில், மஞ்சள் துணியால் வாய் கட்டப்பட்டு, எப்போதும் சிட்டம்மாள் அக்காவின் மடியில் இருந்தது. அவள் சாப்பிடும்போது அண்ணன் வாங்கிக்கொள்வார். அண்ணனுக்கும் வேலை இருந்தால் என் கைக்கு வரும்.

"என்னண்ணே, கருப்பனுக்கு டிக்கெட்டு எடுத்தீகளா?" என்று கேட்டேன்.

"மடிப்பிள்ளைக்கு எதுக்குடா டிக்கெட்டு?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்கா. "கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு."

பினாங்கில் சரக்கு இறக்கக் கப்பல் ஒரு பகல் நின்றது. என்னைப்போன்ற தளத்து டிக்கெட் ஆட்களைக் கீழே விடவில்லை. அண்ணன்தான் அதிகாரியிடம் போய், "இவன் நம்ம வீட்டுப் பையன்" என்று சொல்லி இறக்கிவிட்டார். நம்ம வீட்டுப் பையன்... அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகலைப்போல் ஒரு பகலை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. தலைக்குமேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராம் வண்டி. மழை நின்று ஒரு நாழிகைகூட ஆகாத தெரு. மலை முழுக்கப் பச்சை.

"எம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது பாரு," என்றாள் அக்கா, தெருவோரச் சாக்கடையைப் பார்த்து. "இதுல பாதி நம்ம வைகையில ஓடுனாப் போதும்."

முடி முளைத்த சிவப்புப் பழம் ஒன்றைப் பிச்சை கையில் உருட்டிப் பார்த்தாள். "இதுக்கு மொட்ட போட்டுத்தான் திங்கணுமாப்பா?"

"ஆமா. காதும் குத்தணும். நீ மடியில வச்சுக்க, நான் ஆசாரியக் கூப்பிடுறேன்," என்றார் அண்ணன். நால்வரும் சிரித்தோம். பழக்காரச் சீனக்கிழவியும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

டிராம் போய் நின்ற இடத்தில் மலையடிவாரத்தில் பெரிய சீனக் கோயில். படியேறும் வழியில் ஒரு குளம். குளம் நிறைய ஆமை! ஒன்றின்மேல் ஒன்று, கவிழ்த்த சட்டிகளை அடுக்கியதுபோல். பிச்சை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே வரமாட்டேன் என்றாள்.

"நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்கண்ணே," என்றேன்.

அக்கா கலயத்தையும் என்னிடம் கொடுத்தாள். படி செங்குத்தாக இருந்தது, அவளுக்குச் சேலையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். "கீழ மட்டும் வச்சிராத தம்பி."

"வப்பனாக்கா?"

வைத்தேன்.

பிள்ளை தண்ணீரில் விழப் பார்த்தாள், அவளைப் பிடிக்கத்தான் வைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். பிள்ளை பத்திரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கரையேறி வந்த ஓர் ஆமையின் ஓட்டில் யாரோ சிவப்பு மையால் சீன எழுத்து எழுதியிருந்தார்கள். அதைத் தூக்கிப் பார்க்க ஆசை. தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. எனக்காக, என் ஒருவனுக்காக வைத்தேன்.

நான் அந்த ஆமையைத் தூக்கி எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து இன்னொன்று வந்து கலயத்தை முட்டித் தள்ளிவிட்டது. துணி முன்பே தளர்ந்திருக்க வேண்டும். அழகர்மலைச் செம்மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது. பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் சிவப்பாக ஒரு புகை. பிறகு அதுவும் இல்லை.

"கருப்பன் தண்ணிக்குள்ள போய்ட்டாரு," என்றாள் பிச்சை. பயப்படவில்லை. வியப்புத்தான்.

ஈரம் படாத இடத்தில் கரையைச் சுரண்டி அள்ளினேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். கலயத்தின் அடியில் பழைய மண் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தது. சாமி வர ஒரு சிட்டிகை போதாதா? போதும் என்று அப்போது முடிவு செய்தேன்... துணியை இறுக்கிக் கட்டினேன்.

"அம்மாகிட்டச் சொல்லாத, என்ன?"

பிள்ளை தலையாட்டினாள். சொல்லவே இல்லை. மாலையில் கப்பல் ஏறும்போதும், சிங்கப்பூரில் நான் அவர்களிடமிருந்து பிரிந்தபோதும், வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இதுவரை சொன்னது சின்னக் குற்றம். இதை மட்டும் செய்திருந்தால் உங்கள் நேரத்தைக் கெடுத்திருக்கமாட்டேன்.

சண்டை முடிந்து, கப்பல்கள் மறுபடியும் ஓடத் தொடங்கிய சமயம். நானும் எங்கெங்கோ அலைந்து ஊர் வந்து சேர்ந்திருந்தேன். ஒருநாள் விறகு ஏற்றிய வண்டியோடு அழகர்கோவில் போனேன். கருப்பன் சன்னதியில், சந்தனம் பூசிய அந்தச் சாத்திய கதவுகளுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். எண்ணெய் காணாத தலை. அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள்.

"தம்பி... பினாங்குக்கு வந்த தம்பிதான?"

சிட்டம்மாள் அக்காவோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். அண்ணன் சுகம், தோட்டத்தில் இருக்கிறார். சண்டைக்காலத்தில் பிறந்த பையன் ஒருவன் இருக்கிறான். பிச்சை?

"போய்ச் சேந்த மாசமே போயிருச்சுய்யா."

காய்ச்சல். தோட்டத்து டாக்டர் மலைக்காய்ச்சல் என்றாராம். ஆனால் டாக்டரிடம் கொண்டுபோனது கடைசியில்தான். அதற்குமுன், பிடிமண்ணைப் புதைத்து நட்ட கல்லின் அடியிலே பிள்ளையைக் கிடத்தி, அந்த மண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் கொடுத்திருக்கிறாள்.

"கருப்பன் இருக்கையில ஆசுபத்திரி எதுக்குன்னு இருந்துட்டேன். சொரத்துல ஆமை, ஆமைன்னே பெனாத்துச்சு. ஆமை பூந்த வீடு வெளங்காதும்பாக."

 

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதத ஒன்கிட்டச் சொல்றேன். பினாங்கு தாண்டுன பெறகு கப்பல்ல அசந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மடியில இருந்த கலயம் பலகையில கெடக்கு. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அதான் கருப்பன் பாதியிலயே எறங்கிட்டாரு. எம்புள்ளைய நாந்தான் கொன்னேன்."

என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நீ நாலு எடம் பாத்தவன். சொல்லு. கப்பல் பலகை தரையா, தரை இல்லையா?"

இதோ, இந்த இடம்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். 'கப்பலுக்கு முன்னமே அது வெறும் மண்ணுக்கா' என்று ஒரு வார்த்தை. அத்தனை வருடமாக அவள் தலையில் இருந்ததை நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை? அடிப்பாள் என்றா? இல்லை. சாபத்துக்குப் பயமா? சாமியே மண்தான் என்று எண்ணுகிறவனுக்குச் சாபம் ஏது? அப்படியானால் வெறும் மண்ணைக் கொட்டியதற்கு இத்தனை வருடம் ஏன் தூக்கம் கெட்டது? ஆமைகளின் அழுக்கு ஊறிய கரை மண் பிள்ளையின் வயிற்றுக்குள் போனதாலா?... கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் முகத்தில், என்னைப் பார்க்கும்போது இருந்த அந்த நம்பிக்கையை இழக்க மனம் வரவில்லை என்பதுதான் கடைசியில் மிஞ்சுகிறது. அதற்காகவா? ஆம், அதற்காகத்தான்.

"தெரியலக்கா," என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். பக்கத்தில் புதுக் கலயம், புது மஞ்சள் துணி. பையனுக்காக மறுபடியும் பிடிமண் எடுக்க வந்திருக்கிறாள். பூசாரியிடம் மண் வாங்கிக் கட்டியதும் என்னிடம் நீட்டினாள்.

"மொகங் கழுவிட்டு வாரேன். கொஞ்சம் புடிய்யா. அன்னைக்கு நாங்க வார வரைக்கும் கீழ வைக்காம வச்சிருந்தவன் நீதான். தூங்குனது நானு."

வாங்கினேன். அவள் வர நேரமாயிற்று. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து கலயத்தையே பார்த்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போயிற்று. மாற்றிப் பிடிக்கவில்லை.

மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்து கேட்டாள்.

"அண்ணன்கிட்ட ஒன்னயப் பாத்தேன்னு சொல்றேன். என்ன சொல்லட்டும்?"

பஸ் கிளம்பவில்லை. கண்டக்டர் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்கக்கா," என்றேன்.