காய்ச்சல் இல்லை என்று தலையசைத்தேன்

என் மகளுக்குக் காய்ச்சல் இருந்தது. அதை மறைத்துத்தான் அவளை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தேன்.

இதை என் மனைவி சுமதியிடம் சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைக்கு அதுதானே எளிது?

கயல் பிறந்த சில மாதங்களிலேயே இதயத்தில் ஓட்டை என்றார்கள். பால் குடிக்கும்போதே அவளுக்கு வியர்த்துக் கொட்டும். நான்கு வயதில், கோட்டுச்சேரி கடைத்தெருவைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அந்த அறுவை சிகிச்சைக்குப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். அங்கே குழந்தைகளின் இதயத்துக்கென்று இருந்தவர் ஒரே ஒரு மருத்துவர். எங்களுக்கு நாள் குறித்த பிறகு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பிறகு வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு என்றாகிவிட்டது. ஒருமுறை பஸ் சீர்காழியைத் தாண்டியபின் கைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்றார்கள். இன்னொரு முறை கயலை வார்டில் படுக்கவைத்து, பட்டினி போட்டு, மாலையில் இட்லி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? அதைச் சொன்ன நர்சின் கண்களும் கலங்கித்தான் இருந்தன.

மூன்றாம் முறை அந்த நர்சேதான் அழைத்தார். "டாக்டர் வர்றது உறுதியாயிடுச்சு. நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க. இந்தத் தடவ விட்டா அடுத்து எப்பன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

சுமதி முந்தைய சனிக்கிழமைதான் கயலைத் திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போய், நளன் குளத்தில் முழுக வைத்திருந்தாள். தன் வேண்டுதல் பலித்துவிட்டதென்று அழுதாள்.

மறுநாள் காலை, சுமதி குளித்துக்கொண்டிருந்தபோது கயலை எழுப்பத் தொட்டேன். நெற்றி சுட்டது.

"தொண்ட வலிக்குதுப்பா."

காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட சொல்லாத தங்கம். பயந்துடுவா" என்றேன்.

வழியிலேயே உடம்பு குளிர்ந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நம்ப விரும்பினேன்... நம்பினேனா? அப்படியானால் வார்டில், சுமதி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, இன்னொரு முறை ஏன் மருந்து கொடுத்தேன்?

மயக்க மருந்து கொடுக்கும் இளம் மருத்துவர் வந்து கேட்டார். "சளி, காய்ச்சல் எதாவது இருந்துச்சாம்மா? இருந்தா சொல்லிடுங்க, தள்ளி வெச்சுக்கலாம்."

தள்ளி வைத்துக்கொள்ளலாம்! எவ்வளவு எளிதான சொல்...

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் சுமதி. அவள் அறிந்த வரையில் அது உண்மை. மருத்துவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன்.

ஓட்டை அடைபட்டது. ஆனால் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. செயற்கை மூச்சில் கிடந்தாள். ஒரு கட்டத்தில் மூளைக்குப் போகும் பிராணவாயு குறைந்துபோனது. பிழைத்து வந்தாள்... வலது கை மட்டும் எதையும் பிடிக்கவில்லை.

"உள்ளுக்குள்ள ஏற்கெனவே தொற்று இருந்திருக்கணும். எங்களுக்குப் பிடிபடல" என்றார் மருத்துவர்.

சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க காரணம். கொளத்துல முழுக வெச்சேன்... ஈரத்தலையோட நிக்க வெச்சேன்."

அவள் தோளை அணைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திருந்தால் நல்ல கணவன் என்று நினைத்திருப்பீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் வார்டில் எங்களுக்கு அடுத்த படுக்கையில் திருவேட்டக்குடியைச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்கு இருமல் என்று அவன் அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பினார்கள். மறு தேதி வருவதற்குள் அவன் இறந்துபோனான். அந்த உண்மையாளரின் பிள்ளை இல்லை. என் பிள்ளை இருக்கிறாள். என்னைத் தேற்றிக்கொள்ள இதை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் பொய் சொன்னதற்கு வேண்டுமானால் அது பதிலாகலாம். சுமதியிடம் வாய் திறக்காததற்கு? அதற்கு எந்தத் தேதியும் எந்த மருத்துவரும் காரணமில்லையே...

அவள் அதன்பின் திருநள்ளாற்றுப் பக்கமே போவதில்லை. குழந்தைக்குத் தலை குளிப்பாட்டினால், ஈரம் போன பிறகும் துவட்டிக்கொண்டே இருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஞாயிறு மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கயல் இப்போது மூன்றாம் வகுப்பு, இடக்கையால்தான் உண்கிறாள். பள்ளியில் யாரோ கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா, என் கை ஏம்மா இப்படி ஆச்சு?"

சுமதி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அம்மா தெரியாம செஞ்ச தப்புடி. அம்மாவ மன்னிச்சுடு."

கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான்கு வயதில் நடந்தது ஒரு குழந்தைக்கு நினைவிருக்குமா... எனக்குத் தெரியவில்லை. சுமதியும் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது ஆறுதல் சொல்வேன் என்று.

"கொஞ்சம் ரசம் ஊத்து" என்றேன்.

ஊற்றினாள்.