நாலாவது மூலையைக் காணோம்

என் அக்காவுக்குக் கேமராவைக் கண்டாலே கண் மூடிக்கொள்ளும். வெட்கமும் இல்லை, வியாதியும் இல்லை. யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், இமை இரண்டும் கடையடைத்துவிடும். என் கல்யாண ஆல்பத்தில் அவள் இல்லாத பக்கமே கிடையாது. அத்தனையிலும் நின்றுகொண்டே தூங்குகிறாள். ஐசி என்கிற அடையாளக் கார்டு எடுக்கப் போன இடத்தில் அந்த மலாய்க்கார அதிகாரி ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்து, கடைசியில் பொறுமை போய் மேசையை ஓங்கித் தட்டினார். திடுக்கிட்டதில் கண் திறந்தது. அந்த ஐசியில் அக்கா படுக்கையில் பாம்பைப் பார்த்தவள் போல இருப்பாள்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கு விரட்டியது, பிறகு கல்யாணம் முடித்து அனுப்பியது எல்லாம் அவள்தான். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில்தான் அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை தாசேக் கெலுகோரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அவருக்கு அனுப்பிய படத்திலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். தூங்கும்போதே இவ்வளவு லட்சணமாக இருக்கிறார்களே, முழித்திருந்தால் எப்படி இருப்பார்கள் என்று கேட்டாராம். அந்த ஒரு பேச்சுக்கே பெண்ணைக் கொடுக்கலாம்.

தேதி குறித்த அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்கு வீடியோ வேணாம், ஆல்பம் வேணாம். கண்ணு தொறந்த மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடு. போதும்லா."

வாழ்க்கையில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். எடுத்துக் கொடுக்கிறேன் என்று மார்தட்டிச் சொன்னேன்.

என்னிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தால் தடதடவென்று எடுத்துத் தள்ளும். என் திட்டம் சுலபமானது. ஆயிரம் படம் எடுத்தால் ஒன்றிலாவது அவள் ஏமாறமாட்டாளா? ஆனால் பழைய மெமரி கார்டில் அவ்வளவு இடமில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனவள், குடைக்கு அடியில் போன் உறை, சார்ஜர் எல்லாம் தொங்கவிட்டிருந்த கடையில் நின்றேன். நூற்றிருபத்தெட்டு ஜிபி கார்டு வெறும் பதினைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். அசலா என்று கேட்டேன். "ஓரி, கக், ஓரி," என்றார் கடைக்காரர், மலாயில் என்னை அக்கா என்று அழைத்து. நம் ஊரில் ஓரி என்றால் ஒரிஜினல் என்று அர்த்தம். ஒரிஜினல் விற்பவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் பதினெட்டு வருஷமாக பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்றால், மெமரி சிப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. மயிரிழை கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான், ஒரு கையில் கெம்போங் மீனோடு, பதினைந்து வெள்ளிக்கு அந்தக் கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இதைப் படிக்கிற என் சூப்பர்வைசர் தயவுசெய்து இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்.

அந்த வாரமே கல்யாணப் பத்திரிகையும் அச்சாகி வந்தது. பத்திரிகையை இங்கே நாங்கள் கார்டு என்றுதான் சொல்வோம். முதல் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அம்மா அப்பா இல்லாததால் அதை என் வீட்டில் செய்யச் சொன்னாள் அக்கா. வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வைத்துவிட வேண்டும். வீட்டில் இருந்தது என் கணவர்.

என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கீழே இருப்பவன் ரேடியோவில் இடது என்றால் இடது, இறக்கு என்றால் இறக்கு. ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் பெட்டி யார் தலையிலாவது விழும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் போனில், மேசை மேல் கார்டு இருக்கிறது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்து சாமியிடம் வைத்துவிடுங்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பிள்ளையாருக்கு முன்னால் வெற்றிலையில், மஞ்சள் குளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் மெமரி கார்டு வீற்றிருக்கிறது. பக்கத்தில் இரண்டு வாழைப்பழம் வேறு. பத்திரிகை மேசையில்தான் இருந்தது, அவர் மடித்துப் போட்ட பேப்பருக்கு அடியில்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீ சொன்னதத்தான் செஞ்சேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு, கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். மூணு மூலைதான் இருக்கு. நாலாவது மூலைய வெட்டி வித்திருக்கான். நானும் எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன்."

மெமரி கார்டுக்கு ஒரு மூலை வெட்டித்தான் இருக்கும், தலைகீழாகச் செருகாமல் இருக்க. அதை அவருக்கு விளக்காமல் கோபத்தில் சமையலறைக்குப் போய்ச் சட்டியை உருட்டினேன். மெமரி கார்டின் பின்பக்கம் இருக்கிற, கேமராவைத் தொடும் தங்கப் பல் வரிசை முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. ரப்பர் வைத்துத் தேய்த்தேன், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், தொழிற்சாலையில் கற்றதெல்லாம் செய்தேன். கேமராவில் போட்டால், அட, வேலை செய்தது. வாழைப்பழத்தைப் பத்துப் படம் எடுத்தேன். பத்தும் பளிச்சென்று வந்தன.

அக்காவிடம் மறைத்திருக்கலாம். என் கணவரிடம் அவள் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்பதால் நானே சொன்னேன்.

"அப்ப சாமி என் கல்யாணத்துக்கு வரமாட்டாரு," என்றாள் போனில். "போட்டோவுக்குத்தான் அவருக்கு அழைப்பு."

மறுநாள் காலையில் ராகு காலம் எல்லாம் பார்த்து பத்திரிகைக்கும் மஞ்சள் தடவினேன். ஆனாலும் மனசு உறுத்தியது.

கல்யாணம் எங்கள் பக்கத்துச் சின்னக் கோயிலில். வந்தவர்கள் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். ஐயருக்கு இந்தப் பக்கம், கல்யாணப் பதிவுக்காரர் பாரங்களை, அதாவது பதிவுப் படிவங்களை, விரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மணப்பெண் மாப்பிள்ளை ஐசி எல்லாம் பார்த்து எழுதிக்கொள்கிறவர் அவர். நான் மணவறைக்கு நேர் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து தடதடவென்று எடுத்துத் தள்ளினேன். அக்கா மாலை மாற்றினாள், கண் மூடி. அக்கா சிரித்தாள், கண் மூடி. சுற்றி நின்றவர்கள் போனில் எடுத்ததையும் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே தூக்கம். பரவாயில்லை, தாலி கட்டும்போது விடாமல் அழுத்திப் பிடிப்போம் என்று இருந்தேன்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கையை உயர்த்தினார். நான் பட்டனை அழுத்தினேன். திரை கறுத்தது. கார்டில் கோளாறு என்று நாலு ஆங்கில எழுத்து மட்டும் மின்னியது.

கார்டை உருவினேன், புடவையில் தேய்த்தேன், ஊதினேன், செருகினேன். கோளாறு. மறுபடி உருவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பதினெட்டு வருஷ அனுபவம் அப்போதுதான் சாவகாசமாக எழுந்து வந்தது. தங்கப் பல் கோணலாக இருந்தது, மேலே அச்சடித்த எழுத்து மங்கலாக இருந்தது, அசலில் அப்படி இருக்காது. அக்கா கேட்ட ஒரே ஒரு படம். கார்டைத் திரும்பச் செருகிக்கொண்டே, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் கத்திவிட்டேன்.

"நிறுத்துங்க! கார்டு போலி!"

மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதியில் விக்கி நின்றது. எழுபது எண்பது பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். பதிவுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, எழுதி வைத்த பாரத்தைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு கையில் தாலியைத் தூக்கிப் பிடித்தபடியே மறு கையால் ஜிப்பாப் பையைத் துழாவினார்.

"என் ஐசி ஓரிங்க. சத்தியமா ஓரி," என்றார் பாவம்.

அந்த நேரம் என் விரல் பட்டனில்தான் இருந்திருக்கிறது. கேமரா கிளிக் என்றது.

விஷயத்தை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது. ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதிவுக்காரர் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு மேளம் கொட்டியது, தாலி ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கேமராவும் மூடிக்கொண்டது, அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை.

மறுநாள் கார்டைக் கணினியில் போட்டேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள், எல்லாம் சாம்பல் பட்டை. திறக்கவே மறுத்தன. ஒன்றே ஒன்று திறந்தது. போலிக் கார்டு நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், கடைசியில் எழுதியது தப்பிக்கும் என்று என் தொழிற்சாலைத் தோழி பிறகு சொன்னாள். அவளிடம், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி ஆயிற்று என்றுதான் கேட்டேன்.

அந்தப் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு தாசேக் கெலுகோர் போனேன். படத்தில் மாப்பிள்ளை ஒரு கையில் தாலியும் ஒரு கையில் ஐசியுமாக நிற்கிறார். பின்னால் பதிவுக்காரர் பாதி எழுந்திருக்கிறார். ஓரத்தில் என் கணவர், யாரும் எதுவும் சொல்லாததால், எதுவும் செய்யாமல் நிற்கிறார். நடுவில் அக்கா. கண் இரண்டும் அகலத் திறந்து, கேமராவை நேராகப் பார்த்து, என்னை எரித்துவிடுவது போல முறைத்துக்கொண்டு இருக்கிறாள். அழகாக இருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிரு அக்கா, உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன் என்றேன்.

அவள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தாள்.

"கல்யாணப் படத்துல புருஷனப் பாக்காம உன்னையில்ல பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "சின்ன வயசுலேர்ந்தே உன்னத் திட்டணும்னாதான்லா எனக்குக் கண்ணு நல்லாத் தொறக்கும்."

பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மூன்று மூலையில் மஞ்சள் வைத்திருந்தது. நாலாவதை ஏன் விட்டீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். என் கணவர்தான் போனில் அப்படிச் சொன்னாராம்.