கால் படாத இடம்

காரிமங்கலம் சந்தைக்குப் போகிற ரோட்டில் காஜா பாயின் மெக்கானிக் ஷெட் இருந்தது. வண்டியில் தண்ணீர் அடிக்கும் முன், முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம், மிளகாய், காய்ந்த மாலை எல்லாவற்றையும் பதமாய் அவிழ்த்து ஆணியில் மாட்டிவைப்பார். கழுவி முடித்ததும் இருந்தபடியே கட்டிவிடுவார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நாள் தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் முனியப்பன் மாலைக்கு அவர் முடிச்சுப் போடுவதைச் சாலம்மாள் பார்த்துவிட்டாள். இனி வேறு மெக்கானிக்கிடம் போகக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாய்ச் சொன்னாள். புருஷன் மாதவராஜ் கேட்டால்தானே.

அவர்களுடைய வேன், மகள் கவிப்பிரியா பிறந்த வருஷம் வாங்கியது. கல்யாணத்துக்கு இதில்தான் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்காக மாதவராஜ் ஊரிலேயே ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசாய் மாற்றினார். மறுநாளே வண்டிக்குச் சீக்கு வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உதறும், கரும்புகை விடும், நின்றுவிடும். மொரப்பூரில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், ஐடிலிங் திருகைக் கூட்டினார்கள். ஃபில்டர் புதுசுதானே என்று அந்தப் பெட்டியை மட்டும் ஒருத்தரும் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பது மணிக்குள். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். வேனோ ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் நின்றது. அண்ணன் குரு ஓட்ட, மாதவராஜ் புது வேட்டியோடு தள்ளினார். மூன்றாம் தடவை கல்யாணப் பெண்ணே பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள். டீக்கடையில் நின்றவர்கள் கைதட்ட, அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாலம்மாளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முகூர்த்தம் தப்பினால் வாழப்போகிற இடத்தில் பெண்ணின் தலையில் என்ன சொல் விழுமோ. தீர்த்தமலையானே, நீதான் பார்த்துக்கணும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள்.

எட்டேகாலுக்கு வழியிலிருந்த காஜா பாய் ஷெட்டை அடைந்தார்கள். பாய் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொட மாட்டார். வண்டி போடும் சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்வார். குரு "டபடப" என்றான். மாதவராஜ், அப்படியா கத்துது, இப்படி என்று "கொர்ர்ர்" என்றார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ரோட்டிலேயே வாக்குவாதம். நடுவில் கவிப்பிரியா புகுந்து, "புடுபுடு, புடுபுடு, ஹ்ஹுக்" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றிச்சுட்டி மூக்குக்கு வந்தது.

"இதாங்க சத்தம்," என்றார் பாய். "மூச்சு முட்டுற சத்தம். நின்ன பிறகு தள்ளினா உடனே ஸ்டார்ட் ஆவுதா?"

"ஆவுதுங்க பாய்."

நேரே போய் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு. வண்டி காற்றை இழுக்க இழுக்க முடிச்சு போய்க் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றால் கீழே விழுந்துவிடும்.

சாலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று தீர்த்தமலையில் வாங்கி வந்த திருநீறு அது. வேனில் எங்கே வைத்தாலும் கால் படும், கறிக்கூடை படும். ஃபில்டர் மாற்றிய அன்று திறந்து கிடந்த பெட்டி மட்டும் பளிச்சென்று இருக்கவே, கும்பிட்டு உள்ளே போட்டுவிட்டாள். இத்தனை நேரம் எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ, அதே சாமிதான் உள்ளே மூச்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாய் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கையிலெடுத்த முடிச்சின் மேல் விரல்களை மூடிக்கொண்டார்.

"என்னங்க பாய் அது?" என்று மாதவராஜ் எட்டிப் பார்த்தார்.

"காத்து போற வழியில அடைப்புங்க. எடுத்தாச்சு, கெளம்புங்க."

பூத்தட்டை வண்டிக்குள் எடுத்து வைக்கிற சாக்கில் முடிச்சை மல்லிகைக்கு அடியில் செருகிவிட்டார். வேன் தையல் மெஷின் மாதிரி ஓடியது. எட்டு ஐம்பதுக்குத் தாலி ஏறியது. சாலம்மாள் அழுத அழுகையில் பாதி சிரிப்பு என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷம் கழித்து, ஷெட்டை விட்டுவிட்டு ஓசூரில் மகள் சமரீன் வீட்டோடு இருக்கப் போனார் பாய். சாலம்மாள் முறுக்கு டப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பஸ் நகரும்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்க மாப்பிள்ளை புதுக் கார் எடுத்திருக்காராமே. அதுல திருநீறை எங்க வச்சீங்கம்மா? சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா போய்ச் சேருவேன்."