கொக்கியக்காவின் மஞ்சள் கோடு

வண்டிக்கு அடியில் நுழையுமுன் செருப்பைக் கழற்றிப் பின்சக்கரத்தருகே ஜோடியாக வைத்துவிடுவார் கொக்கியக்கா. பக்தியெல்லாம் இல்லை. "செருப்பு வெளிய கெடந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். இல்லன்னா எவனாவது வண்டிய எடுத்துருவான்" என்பார். பிறகு சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டால், வெளியே தெரிவது பதினொரு மணி டீக்கு நீளும் ஒரு கை மட்டும்தான்.

பிக்கப் வண்டிகளுக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கக் கொக்கி மாட்டுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. போல்ட்டுகளோடு பேசுவார். "பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டபடி டார்க் ஸ்பேனரை இழுப்பார், வேண்டிய இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று பதில் சொல்லும். "ஆங், சமத்து." அதோடு விடமாட்டார். நட்டிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்களின் பேச்சை லேசில் நம்பாத அக்கா, அந்தக் கோட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்.

போன வாரம் அவர் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்தக் கோடுதான்.

அவருடைய தம்பி பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வந்திருந்தான். வேலை மாற்றல். வீட்டுச் சாமான் மொத்தத்தையும் டிரெய்லரில் ஏற்றி, மனைவியையும் ஐந்து மாதக் கைக்குழந்தையையும் முன்னால் உட்காரவைத்து, மலைச்சாலையில் பத்து மணி நேரம் ஓட்டிப் போக வேண்டும். விற்றவன், "இது எதையும் இழுத்ததே இல்லைங்க" என்று அடித்துச் சொல்லியிருந்தான். அக்கா அடியில் படுத்துப் பார்த்தால், கொக்கிக்கான துளைகள் ஏற்கெனவே இருந்தன. விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருந்தன. துளை போடும் வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டார். ஆறு போல்ட், ஆறு டிக், ஆறு கோடு.

மறுநாள் காலை ஆறு கோடும் உடைந்திருந்தன. வண்டி பட்டறையை விட்டு நகரவில்லை. சாவி அவர் இடுப்பில் இருந்தது. நட்டுகள் தளர்ந்திருந்தால், வாஷர் செய்தவனைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவை இறுகும் பக்கமாகத் திரும்பியிருந்தன. அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். அடுத்த நாள் அதுவும் உடைந்திருந்தது. மூன்றாம் நாள், கொக்கியையே கழற்றிவிடலாமென்று நீள ஸ்பேனரைப் போட்டு முழு உடம்பாலும் தொங்கினார். ஒரு நட்டுகூட அசைந்து கொடுக்கவில்லை. களைத்துப்போய், வெறுங்கையோடு படுத்தபடி, பழக்க தோஷத்தில் "பிடிச்சுக்கிட்டியா?" என்றார்.

'டிக்' என்று கேட்டது. டார்க் ஸ்பேனர் எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த வண்டியிடமும் அந்தக் கேள்வியை அவர் கேட்பதில்லை.

கிளம்பும் நாள் காலையில் தம்பியிடம் சொன்னார்.

"கழண்டா எனக்குக் காரணம் தெரியும்டா. இது தானா இறுகுது. வேற வண்டி பாரு."

தம்பி சிரித்தான். "இறுகினா நல்லதுதானேக்கா! உங்கிட்ட எல்லாரும் கழண்டுச்சுன்னுதானே சண்டைக்கு வருவாங்க."

"எதையோ விடக்கூடாதுன்னு பிடிக்குதுடா. குழந்தைய இதுல ஏத்தாத."

"நீ தூங்கி எத்தன நாளாச்சு? போய்ப் படு."

முன்சீட்டில் குழந்தை சிணுங்கியது. "நேரமாகுதுங்க" என்றாள் தம்பி மனைவி. அவன் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கி வந்து, டிரெய்லரின் கழுத்தைத் தாங்கி நின்ற ஜாக்கியைச் சுற்றத் தொடங்கினான். கொக்கி நுனியில் இருந்த இரும்பு உருண்டையின் மேல், டிரெய்லரின் இரும்புக் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கவிழ்ந்து மூடிவிட்டால் பூட்ட வேண்டியதுதான், புறப்பட வேண்டியதுதான்.

அக்கா குனிந்து, உருண்டையின் மேல் வலது உள்ளங்கையை வைத்தார்.

"கைய எடு அக்கா" என்றான் தம்பி, ஜாக்கியைச் சுற்றிக்கொண்டே. கிண்ணத்துக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இருந்தது.

அக்கா இடது கையையும் அதன் மேல் வைத்தார்.