செபமாலை நடுவே வாங்கிய மூச்சு

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், மீன் விற்றே வளர்த்தேன். கூடையோடு நின்ற வாசல்கள் உண்டு. கை நீட்டி நின்ற வாசல் கிடையாது.

மீன்காரியின் கை எந்நேரமும் ஐஸில் கிடக்கும். அந்தக் கையால் தொட்டால் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் அடிப்பது போலத்தான் இருக்கும். அதனால் நான் கையால் பார்ப்பதில்லை, பிள்ளையின் கழுத்தில் என் கன்னத்தை வைப்பேன். நான் காய்ச்சல் உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எங்கள் கடற்கரைத் தெருவில் மற்ற வீட்டுக்காரிகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

என் கடைசி மகனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் மாற்று வைத்தார்கள். கொடுத்தது அவன் மனைவி. அடுத்தவர் உறுப்பு என்று உடம்பு அதை விரட்டிவிடாமல் இருக்கக் காலையும் இரவும் மாத்திரை. அதனால் உடம்பின் எதிர்ப்பு குறையும், சின்னக் கிருமியும் பெரிதாகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். திருவிழாக் கூட்டத்துக்குக்கூட அவன் போவதில்லை.

மழை பிடித்த ஒரு வாரம் அவனுக்கு இருமல். சோறு இறங்கவில்லை என்று மதியம் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் மருமகள். நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கழுத்து குளிர்ந்துதான் கிடந்தது. காய்ச்சல் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். என் பேச்சுக்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை.

சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தோம். ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தின் முதல் பாதியை அவன் சொல்வான். மறுபாதியை நாங்கள் சேர்ந்து சொல்வோம். அவன் அப்பா போன பிறகு வந்த வழக்கம். நல்ல குரல், ஒரே மூச்சில் முடித்துவிடுவான். அன்றைக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினான். முடித்துவிட்டானென்று நாங்கள் மறுபாதியைத் தொடங்கிவிட்டோம். அடுத்ததிலும் அப்படியே. அப்பாவுக்கு மந்திரம் மறந்துபோயிற்று என்று பேத்தி சிரித்தாள். நான் அவனைப் பார்த்தேன். மறக்கவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

செபமாலையைக் கீழே வைத்தேன். முடிக்காமல் நான் அதை வைத்தது அன்றைக்குத்தான்.

“ஏட்டி, ஆட்டோவ விளி,” என்று மருமகளிடம் சொன்னேன்.

அவன் அசையவில்லை. “நீதானம்மா பாத்து காய்ச்சல் இல்லேன்ன. இந்த மழையில நாகர்கோயிலுக்கு எதுக்கு?”

என் பேச்சையே எனக்குத் திருப்பிப் போட்டான். மருமகள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு ஃபோன் போட்டாள். மதியமே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம்.

“காய்ச்சல் இல்லேன்னுதாம்ல சொன்னேன். மூச்சு இருக்குன்னு சொன்னேனா? எழும்புல.”

ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததுமே ஆக்சிஜன் வைத்தார்கள். பிறகு நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நிமோனியா, ஒரு பக்க நுரையீரலில் பாக்டீரியா இறங்கிவிட்டது. என் கன்னத்துக்கு ஏன் தெரியவில்லை என்று அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“உடம்பு கிருமியோட சண்டை போட்டாத்தான் பாட்டி சூடு ஏறும். இவர் சாப்பிடுற மாத்திரை அந்தச் சண்டையத்தான் அடக்கி வச்சிருக்கு. இவருக்குக் காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க. இருமல் வந்தாலே கூட்டிட்டு வந்திரணும்.”

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை.

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகத்துக்கான மாத்திரையில் ஒன்றைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். மருமகள் கொடுத்தது அதனால் கெட்டுப்போகுமோ என்று எனக்குப் பயம். அவள் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு காலையில், இந்தக் கஞ்சியை மனுசன் குடிப்பானா, நெத்திலி அவியல் கொண்டுவா என்று அவளிடம் சண்டை பிடித்தான். ஒரு மூச்சில் அத்தனையும் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். சிறுநீரகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். நான் வெளியே போய் வயிறு நிறையத் தோசை தின்றேன்.

இப்போதும் தெருப்பிள்ளைகளுக்கு நான்தான் பார்க்கிறேன்; என் கன்னம் அவர்களுக்குப் பொய் சொல்லாது. என் மகன் இருமினால் மட்டும் என்னைக் கேட்க வேண்டாம். அவன் மனைவி போகலாம் என்றால் போக வேண்டும். நான் தடுத்தாலும் போக வேண்டும்.

“நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா மக்கா? எங்க, அடுக்களையில நிக்குற ஒனக்க அம்மைக்குக் கேக்கும்படியா வாசி.”