மூன்று விரல் அதிகம்

எங்கள் சித்தி எதையும் சரியான அளவுக்கு வெட்டியதில்லை. திரைச்சீலை தைப்பது அவள் தொழில். துணி துவைத்தால் சுருங்கும், ஓரம் மடித்தால் குறையும். அதனால் கத்தரி வைக்கும் முன் எப்போதும் மூன்று விரல் கூடுதலாக விடுவாள். நாளடைவில் இந்தப் பழக்கம் துணியோடு நிற்கவில்லை. அலமாரித் தட்டில் விரிக்கும் காகிதம் வெளியே தொங்கும். சாப்பாட்டு மேசை விரிப்பு உட்காருபவர் மடியில் விழும்.

"நம்ம வீட்டுல எல்லாமே மூணு விரல் அதிகம்தான், என் பொறுமை உட்பட" என்பார் சித்தப்பா.

சித்தியிடம் ஒரு பழைய வேன் உண்டு. வாங்கும்போதே அது பழையது. எட்டடி நீளத் திரைக்கம்பிகள், ஏணி, சுவரில் துளை போடும் மெஷின், தைத்து மடித்த சீலைகள் எல்லாம் அதில்தான் போகும். வாடகை வண்டிக்காரர்கள் கம்பியைப் பார்த்தவுடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வேன் இல்லையென்றால் அவள் பழையபடி யாருடைய கடையிலாவது கூலிக்கு உட்கார்ந்து தைக்க வேண்டியதுதான். அங்கிருந்து வெளியே வரத்தான் அந்த வேனையே வாங்கினாள்.

அதன் பெட்ரோல் பம்ப் போய்விட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கெல்லாம் இப்போது பம்ப் வருவதில்லை என்று கையை விரித்தார். சித்தப்பா பழைய இரும்பு வாங்குபவருக்குப் போன் செய்துவிட்டார். அவர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து வேனை எடுத்துப் போவதாக ஏற்பாடு. சித்தி சண்டை பிடிக்கவில்லை. எங்கெங்கோ விசாரித்து, அதே சனிக்கிழமை காலை ஒரு பம்போடு வந்து நின்றாள்.

"அவர் வர்றப்ப எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்தா வண்டி எனக்கு. ஓடலைன்னா நானே சாவியை அவர் கையில குடுத்துடறேன். சரியா?"

"சரி. யார் மாட்டப் போறது?"

"நான்தான். வேற யாரு, எதிர்வீட்டு பல் டாக்டரா?"

பம்ப் ஒன்றும் பெரிய பொருளில்லை. உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கிண்ணம். அதிலிருந்து ஒரு நாக்கு எஞ்சினுக்குள் நீளும். எஞ்சின் சுழலும்போது அந்த நாக்கு ஆடி, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். சித்தி முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். டேங்க் பக்கத்து ட்யூபில் சிவப்பு நூலும் எஞ்சின் பக்கத்து ட்யூபில் நீல நூலும் கட்டினாள், பிறகு குழம்பக்கூடாது என்று. அதன்பின் ட்யூப்களைக் கழற்றி, பெட்ரோல் ஒழுகாமல் டேங்க் பக்கக் குழாயில் ஒரு பென்சில் துண்டைச் செருகினாள்.

பம்பின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று சொன்னபடி கேட்டது. மற்றது வீம்பு பிடித்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஸ்பேனரின் மேல் முழு எடையையும் போட்டு நின்றபோது 'கிரீச்' என்று இளகியது. கசியாமலிருக்க இடையில் வைத்து ஒட்டிப்போயிருந்த பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்து, புதுக் காகிதத்தோடு புதுப் பம்பை வைத்தாள். நாக்கு நேராகக் குத்தினால் உள்ளே போகவில்லை. முரட்டுத் துணியில் ஊசி ஏற்றுவதுபோலச் சாய்த்து விட்டாள், போய் உட்கார்ந்தது. வெடித்துப்போன பழைய ட்யூப்களைத் தூக்கிப் போட்டு, பென்சிலை எடுத்துவிட்டு, புது ட்யூப் வெட்டி மாட்டி, கிளிப்புகளை இறுக்கினாள். நூல்களையும் மறக்காமல் புது ட்யூப்களில் கட்டி, பேட்டரி வயரையும் மாட்டினாள்.

"ஏங்க, சாவியைத் திருப்புங்க."

சித்தப்பா ஸ்டியரிங் முன் உட்கார்ந்து திருப்பினார். எஞ்சின் இருமியது, கொஞ்சம் ஓடியது, நின்றது. மறுபடி திருப்பினார். வெறும் உறுமல்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் லாரி வந்து நின்றது. இரும்புக்காரர் இறங்கி, வேனை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். சட்டை தைக்க அளவெடுப்பவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"விடும்மா. பம்ப்பே டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் சித்தப்பா. கேலி இல்லாமல் சொன்னார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. உட்காருங்க" என்று இரும்புக்காரருக்கு ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டு சித்தி மறுபடி குனிந்தாள்.

நீல நூல் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, எஞ்சினைச் சுழற்றச் சொன்னாள். ஒரு சொட்டு வரவில்லை. பம்பைத் தொடவில்லை அவள். சிவப்பு நூல் ட்யூபை, தையல் ஓரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல, விரலால் தடவிக்கொண்டே போனாள். வளைவில் விரல் நின்றது.

"மடிப்பு விழுந்திருக்கு."

"எந்தத் திரையில?"

"ட்யூப்லங்க! நீளம் ஜாஸ்தி. உள்ள இடமில்லாம மடங்கிக் கிடக்கு. பெட்ரோல் எப்படி வரும்?"

"யார் வெட்டினது?"

சித்தப்பா எட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"மூணு விரல் விட்டு வெட்டிட்டியா? ஏன், துவைச்சா சுருங்கிடுமா?"

இரும்புக்காரர் ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. சிரிச்சுக்கிட்டே அந்த டேப்பை எடுங்க."

பென்சில் துண்டு மறுபடி குழாய்க்குள் போனது. சித்தி டேப்பை இரண்டு முறை வைத்து அளந்தாள். என் நினைவில் அவள் எதையும் இரண்டு முறை அளந்ததில்லை. கூடுதல் துண்டை நறுக்கி, பென்சிலை எடுத்து ட்யூபை மாட்டி, சுழற்றச் சொன்னாள். பாட்டிலுக்குள் பெட்ரோல் பீறிட்டது. நீல நூல் ட்யூபும் அதன் இடத்துக்குப் போனது. சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்தது, பிடித்தபடியே ஓடியது. சித்தப்பா வேண்டுமென்றே ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை.

இரும்புக்காரர் எழுந்தார். "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல."

"வந்த காலோட வெறுங்கையா போகாதீங்கண்ணே." சித்தி பழைய பம்பை அவர் கையில் வைத்தாள். நறுக்கிய ட்யூப் துண்டையும் நீட்டினாள்.

"ரப்பர் நான் எடுக்கறதில்லம்மா."

"இங்க குடு, எனக்கு வேணும்" என்று சித்தப்பா வாங்கிக்கொண்டார்.

அது இப்போது வேனின் கண்ணாடியில் ஒரு நீல நூலில் தொங்குகிறது. சித்தி கழற்றவில்லை, திருந்தவுமில்லை. போன வாரம் என் அறைக்குத் தைத்து அனுப்பிய திரை தரையில் படுத்திருக்கிறது. கேட்டால், "ஒரு தடவை துவைச்சுப் பாரு" என்கிறாள்.